முதலில் ஊகம், பிறகு ஓட்டம்: மலையூர்களில் டேட்டா சயின்ஸ் கற்றுக்கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறார்கள். லீவுக்கு ஊர் வந்தால், "தம்பி, நம்ம பசங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடேன்" என்று யாராவது கேட்பார்கள். ஊர் ஹாலில் டேட்டா சயின்ஸுக்கு, அதாவது தரவை அலசி அர்த்தம் காண்பதற்கு, ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்கும். முதல் வாரம் பெஞ்ச் நிறைந்திருக்கும். சில வாரங்களில் பாதி காலியாகிவிடும். சொல்லிக்கொடுப்பவர் பைத்தான் என்ற நிரல்மொழியில் கெட்டிக்காரராக இருந்தும் இப்படி ஆகிறது. நிரல் எழுதுவது ஒரு திறமை என்றால், எழுதக் கற்றுக்கொடுப்பது தனியாகப் பழக வேண்டிய இன்னொரு திறமை. அதைப் பழக விரும்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: வீடு திரும்பிய பொறியாளர்கள், கல்லூரிகளில் இந்தப் பாடத்தைப் புதிதாக எடுக்க நேர்ந்த ஆசிரியர்கள், தாங்கள் கற்றதைத் தம்பி தங்கைக்குச் சொல்ல நினைக்கும் மாணவர்கள்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. கணினி விடை சொல்லும் முன்னால் மாணவர் ஒரு விடை சொல்லியிருக்க வேண்டும். ஊகம் சொன்னவர்தான் திரையில் வந்ததைப் பார்த்து வியப்பார், சந்தேகப்படுவார், கேள்வி கேட்பார். ஊகம் சொல்லாதவர் திரையில் எது வந்தாலும் தலையாட்டுவார்.

வகுப்புக்கு முன்: எதிரில் உட்காரப்போவது யார்?

பழகியவர் ஒரு வரி நிரலைப் பார்த்தால் "கோப்பைத் திறந்து மாதவாரியாகக் கூட்டுகிறது" என்று ஒரே பொருளாகத் தெரியும். புதிதாக வந்தவருக்கு அதே வரியில் பெயர், புள்ளி, அடைப்புக்குறி, மேற்கோள்குறி, மறுபடி ஒரு அடைப்புக்குறி எனப் பத்துப் பதினைந்து தனித்தனிச் சாமான்கள். மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடியது ஏழு, அதில் இரண்டு கூடலாம் குறையலாம் என்றார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர், 1956-ல். பின்னால் வந்தவர்கள் அதையும் குறைத்து, நான்கை ஒட்டித்தான் வரும் என்கிறார்கள். நமக்கு எளிதாகத் தெரிவது அவர்களுக்கு ஏன் மலைப்பாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அதனால் "இது ரொம்ப ஈஸி" என்ற சொல்லை வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். புரியாதவருக்கு அந்தச் சொல், நீ மட்டும்தான் பின்தங்கியிருக்கிறாய் என்று கேட்கும்.

மாணவர்களின் நிலையை அறிய "எக்செல் தெரியுமா?" என்று கேட்டால் பயனில்லை. தெரியும் என்பவருக்கும் தெரியாது என்பவருக்கும் நடுவில் வித்தியாசம் சில சமயம் துணிச்சல் மட்டும்தான். ஒரு சின்ன வேலை கொடுங்கள். காகிதத்தில் ஒரு வாரத்துத் தேயிலை எடை, கிலோவில்: திங்கள் 40, செவ்வாய் 38, புதன் 0, வியாழன் 42, வெள்ளி வெற்றிடம், சனி 41, ஞாயிறு 39. சராசரி என்ன? இவ்வளவுதான் கேள்வி. யார் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார், யார் அங்கே பூஜ்யம் எழுதிக்கொள்கிறார், யார் கையைத் தூக்கி "சார், வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?" என்று கேட்கிறார் என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னவரிடம் டேட்டா சயின்ஸின் பாதி ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மொழியையும் கவனியுங்கள். வீட்டில் படுகு, கூடலூர் பந்தலூர் பக்கம் மலையாளம், பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று இருப்பவர்கள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கும்போது எந்த மொழி வாய்க்கு வருகிறதோ அதில் பேசட்டும். பைத்தான் 3 மாறிகளுக்கு, அதாவது மதிப்பைக் குறித்து வைக்க நாம் சூட்டும் பெயர்களுக்கு, தமிழ் எழுத்தை அனுமதிக்கிறது. மழை = 12 என்று தட்டினால் அது சரியான நிரல்தான். முதல் வாரங்களில் இப்படித் தொடங்குவது பயத்தைக் குறைக்கிறது. பிற்பாடு, வேலைக்குப் போகும் இடத்தின் வழக்கப்படி ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிக்கொள்ளலாம்.

தரவைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பாடம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

உலகம் முழுக்க முதல் வகுப்பில் எடுத்துக்கொள்வது ஐரிஸ் பூக்களின் அளவுகள். புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-ல் வெளியிட்ட கட்டுரையில் வந்தவை. நல்ல தரவுதான். ஆனால் அதில் ஓர் அல்லி இதழின் நீளம் 5.1 சென்டிமீட்டர் என்பது 51 என்று தவறாகப் பதிவாகியிருந்தால், அந்தப் பூவையே பார்த்திராத நம் மாணவர் கண்டுபிடிப்பாரா? எண்ணைக் கண்டு "இது சரியில்லையே" என்று சொல்லும் தகுதி, அந்தப் பொருளை அறிந்தவருக்கு மட்டும் உண்டு. அந்தத் தகுதியை முதல் நாளே மாணவர் கையில் கொடுக்க, அவர் ஊர்த் தரவைவிடச் சிறந்தது வேறில்லை.

மழையில் தொடங்குங்கள். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். இரண்டு ஊர்களின் மாதாந்திர மழை அளவை எடுத்துக்கொண்டு, வரைபடம் போடும் முன், பன்னிரண்டு பட்டைகளையும் கையால் வரையச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை ஏறக்குறையச் சரியாக வரைந்துவிடும். பிறகு கணினி வரைந்ததைக் காட்டுங்கள். தான் வரைந்ததும் கணினி வரைந்ததும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று அந்தப் பிள்ளை பேசத் தொடங்கும்போது பகுப்பாய்வு தொடங்கிவிட்டது.

அடுத்து, இதே நீலகிரியில் உள்ள அவலாஞ்சி. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதிக் கணக்கில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அட்டவணையில் அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர், யாரோ ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டார்கள் என்று அழித்துவிடுவார். அந்த வாரம் மலையில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு உண்மை என்று தெரியும். விலகி நிற்கும் எண் எல்லாம் பிழை அல்ல, அழிக்கும் முன் விசாரிக்க வேண்டும் என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வானிலைத் துறை காலை 8:30 மணிக்கு அளந்து, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுகிறது. எனவே 8-ஆம் தேதிக் கணக்கில் அடங்கும் 24 மணி நேரத்தின் பெரும்பகுதி 7-ஆம் தேதியைச் சேர்ந்தது. ஒரு நெடுவரிசைக்குத் "தேதி" என்று பெயர் இருந்தாலும் அது எந்தத் தேதி என்று கேட்கும் பழக்கம் இங்கிருந்தே வரட்டும்.

பழனி மலைப் பக்கம் வகுப்பு எடுப்பவர்களுக்கு வேறொரு செல்வம் இருக்கிறது. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் அங்கேதான் கண்டுபிடித்தார். சூரியப் புள்ளிகளின் மாதாந்திர எண்ணிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கோடாக வரைந்தால் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் மலையில் வளர்ந்தவர்களுக்குச் சுழற்சி என்ற கருத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எத்தனை ஆண்டுத் தரவு இருந்தால் அது சுழற்சி என்று நம்பலாம், இருபது ஆண்டு போதுமா என்று கேட்டு விவாதிக்க விடுங்கள்.

இலை எடைச் சிட்டை, பூண்டு விலை, கேரட் மூட்டைக் கணக்கு ஆகியவற்றையும் எடுக்கலாம். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் காய்கறியின் விலை பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுப் பேச்சு. ஆனால் வீட்டுக் கணக்கைக் கேட்கும்போது சம்மதம் வாங்குங்கள். ஹட்டி எனப்படும் சிறு மலையூரில் பெயரை நீக்கிவிட்டாலும் போதாது. "மூன்றரை ஏக்கர், தண்ணித்தொட்டிக்குக் கீழே" என்று ஒரு வரி இருந்தால் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஏக்கர் அளவைப் பெரிய பெரிய வகைகளாகச் சுருக்கி, இட விவரத்தை எடுத்துவிட்டுத்தான் வகுப்பில் பயன்படுத்த வேண்டும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். அதுவும் பாடம்தான்.

கடைசிப் பயிற்சியை முதலில் எழுதுங்கள்

பாடத்திட்டம் போட உட்காரும்போது "முதல் வாரம் மாறிகள், இரண்டாம் வாரம் லூப்" என்று தொடங்காதீர்கள். எட்டாவது வாரக் கடைசியில் மாணவர் உதவியில்லாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையை எழுதுங்கள். உதாரணத்துக்கு: ஓராண்டு இலைச் சிட்டைகள் அடங்கிய கோப்பைத் திறந்து, எந்த மாதங்களில் ஏக்கருக்கான இலை குறைந்தது என்று வரைபடத்தோடு வீட்டுப் பெரியவருக்கு விளக்குவது. அதற்கு எவையெல்லாம் தேவை என்று பின்னோக்கி வாருங்கள். தேவைப்படாதவை தானாகக் கழிந்துவிடும். கிளாஸ், ரிகர்ஷன் போன்ற மேல்நிலை நிரல் உத்திகளும், தரவிலிருந்து கணினியே கற்கும் மெஷின் லேர்னிங்கும் இந்த எட்டு வாரத்துக்குள் வர வேண்டியதில்லை. மெஷின் லேர்னிங் சொல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று சிலர் கவலைப்படுவதுண்டு. முதல் அரை மணிக்குள் தங்கள் ஊர் மழை வரைபடமாகத் திரையில் விழுந்தால் கண்டிப்பாக மறுவாரம் வருவார்கள்.

அந்த அரை மணிக்கு மூன்று நான்கு வரி போதும். முதல் நாள் அந்த வரிகள் ஒவ்வொன்றின் உள்விவரமும் தெரிய வேண்டியதில்லை. எண்களை மாற்றிப் பார்த்து, படம் மாறுவதைக் கண்டால் போதும்.

கரண்டும் சிக்னலும்

பிரவுசரிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் கூகுளின் கோலாப் வசதியானது, ஆனால் இணையம் இல்லாமல் ஓடாது. மழைக்காலத்தில் கரண்ட் போகும், டவர் போகும். எனவே பைத்தானும், தேவையான நூலகக் கோப்புகளும் (பிறர் எழுதிவைத்த தயார் நிரல்கள்), தரவும் ஒரு பென் டிரைவில் முன்கூட்டியே இருக்கட்டும். தொடக்கநிலையினருக்கு தானி (Thonny) என்ற இலவச மென்பொருள் மிக நல்லது. எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. இணையம் வேண்டாம், வரி வரியாக ஓட்டி ஒவ்வொரு மாறியிலும் என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். நிரலைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கைக் கொஞ்சம் தள்ளி அறிமுகப்படுத்துங்கள். அதில் கட்டங்களை முன்பின்னாக ஓட்டிவிட்டு, திரையில் இருக்கும் நிரலுக்கும் நினைவகத்தில் இருக்கும் மதிப்புக்கும் பொருத்தமில்லாமல் குழம்புவது புதியவர்களுக்கு வழக்கம்.

லேப்டாப் எல்லாரிடமும் இருக்காது. இருவருக்கு ஒன்று என்றால் குறையாக நினைக்க வேண்டாம். ஒருவர் தட்டட்டும், மற்றவர் சொல்லட்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். சொல்பவர் தன் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும், அதனால் தவறு எங்கே இருக்கிறது என்பது நம் காதில் விழும். கடைசி பஸ் நேரத்தை விசாரித்து, அதற்கு நன்றாக முன்பே வகுப்பை முடியுங்கள்.

வகுப்பின் இதயம்: ஊகி, ஓட்டு, ஆராய், மாற்று, ஆக்கு

கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்த வரிசை இது. வெற்றுத் திரையில் எழுதச் சொல்லும் முன், எழுதி வைத்த நிரலைப் படிக்கச் சொல்கிறது. எழுதக் கற்பவர் முதலில் படிக்கக் கற்க வேண்டும் என்பது பள்ளியில் நமக்குத் தெரிந்ததுதான், நிரலில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

மூன்று வரிகளைப் பலகையில் எழுதுங்கள்.

அ = 5
ஆ = அ
அ = 8

இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? நான்கு விடைகள் கொடுங்கள்: ஒன்று, 5. இரண்டு, 8. மூன்று, 13. நான்கு, பிழை வரும். விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள், அடுத்தவரைப் பார்த்துக் காட்ட முடியாது.

சரியான விடை 5. ஆனால் உங்களுக்கு வேண்டியது தவறான விடைகள். 8 என்பவர், இரண்டாம் வரி இரண்டு பெயர்களையும் நிரந்தரமாகக் கட்டிவிட்டது என்று நினைக்கிறார். கணிதத்தில் சமக்குறி அப்படித்தானே? 13 என்பவர், புது மதிப்பு பழையதோடு சேரும் என்று நினைக்கிறார். நான்காவதைக் காட்டுபவர், ஒருமுறை வைத்த பெயருக்கு மறுபடி மதிப்பு தரக்கூடாது என்று நினைக்கலாம். ஒவ்வொரு தவறும் ஒரு தனி மருந்தைக் கேட்கிறது. "தப்பு, விடை 5" என்று அறிவித்துவிட்டால் மூன்று நோய்களும் உள்ளேயே இருக்கும். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விரல் காட்டியவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு மறுபடி விரல். அதன் பிறகுதான் ஓட்ட வேண்டும். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் தன் வகுப்புகளில் வளர்த்தெடுத்த முறை இது. நிரலாக்க வகுப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது.

8 என்று சொன்ன பிள்ளையை யாரும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது. சில வாரம் கழித்து இதே வடிவத்தில் இன்னொன்று வரும்:

அ = [5, 6]
ஆ = அ
அ[0] = 9

அ[0] என்பது பட்டியலின் முதல் எண், பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும். இங்கே ஆ-வைப் பார்த்தால் [9, 6] என்று வரும். இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலைத்தான் சுட்டுகின்றன. முதல் நிரலில் அ என்ற பெயர் வேறொரு எண்ணுக்கு நகர்ந்தது, இரண்டாவதில் பெயர் எதுவும் நகரவில்லை, பட்டியலே உள்ளே மாறியது. பெயர்களையும் மதிப்புகளையும் தனித்தனியாக எழுதி அம்புக்குறி போட்டு விளக்குங்கள். இந்தப் படத்தைப் பலமுறை கையால் வரைந்த மாணவருக்குப் பின்னால் பாண்டாஸ் என்ற பைத்தான் தரவு நூலகத்தின் அட்டவணைகளில் வரும் குழப்பம் வெகுவாகக் குறையும்.

ஓட்டிய பிறகு ஆராய்வது, ஓரிரு வரிகளை மாற்றிப் பார்ப்பது, கடைசியாகச் சொந்தமாக ஒன்று ஆக்குவது. ஆக்கும் கட்டத்துக்கு நேரம் பற்றாவிட்டால் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். ஊகத்தை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள்.

கரண்ட் போனால் காகிதத் துண்டுகள். சரியான நிரலின் ஒவ்வொரு வரியையும் தனித் துண்டாக வெட்டி, கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்வது. டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006-ல் முன்வைத்த பயிற்சி. எழுத்துப்பிழையோடு மல்லுக்கட்டும் சிரமம் இல்லை, வரிசையும் உள்தள்ளலும் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி) மட்டுமே கவனத்தில் இருக்கும். தேவையில்லாத ஒன்றிரண்டு வரிகளையும் கலந்து வைத்தால் இன்னும் நல்லது.

நீங்கள் தட்டும்போது

ஸ்லைடு வேண்டாம், அங்கேயே தட்டுங்கள். தட்டும் வேகம் மாணவரின் வேகத்துக்கு இறங்கிவரும், நீங்கள் யோசிப்பதும் அவர்களுக்குக் கேட்கும். எழுத்தைக் கடைசி பெஞ்சுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். பிழை வந்தால் பதறி அழிக்காமல், செய்தியின் கடைசி வரியிலிருந்து படிக்கக் காட்டுங்கள். பைத்தானில் என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. சிவப்பு எழுத்தைக் கண்டு ஆசிரியர் நிதானமாக இருந்தால் மாணவரும் இருப்பார்.

1998-ல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பயிலரங்குகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வண்ண ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். வேலை முடிந்தால் ஒரு வண்ணம், மாட்டிக்கொண்டால் மற்றது, லேப்டாப்பின் முதுகில். கை தூக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை. நம் ஊர் வகுப்புகளில் கூச்சம் அதிகம் என்பதால் கட்டாயம் வாங்கி வையுங்கள். உதவிக்குப் போகும்போது மாணவரின் கீபோர்டைத் தொடாதீர்கள். "இந்த வரி என்ன செய்யும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

எண்ணுக்கு அர்த்தம் சொல்லும் பகுதி

முதல் நாள் காகிதத்தை இப்போது வெளியே எடுங்கள். 40, 38, 0, 42, வெற்றிடம், 41, 39. மொத்தம் 200. பாண்டாஸ் வெற்றிடத்தைத் தானாகத் தவிர்த்துவிட்டு ஆறால் வகுக்கும்: 33.3. வெற்றிடத்தில் பூஜ்யம் போட்டவருக்கு ஏழால் வகுபட்டு 28.6. புதன்கிழமை யாரும் இலை எடுக்கவில்லை, அதையும் விட்டுவிடலாம் என்பவருக்கு 40. எது சரி? இலை எடுத்த நாளில் எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டால் 40. கணக்குத் தெரிந்த நாட்களில் நாளொன்றுக்கு எவ்வளவு என்றால் 33.3. வெள்ளிக்கிழமை இலை எடுத்தார்கள், சிட்டைதான் தொலைந்துபோனது என்றால் 28.6 எந்தக் கேள்விக்கும் விடையாகாது. அன்று ஒரு கிலோகூட வரவில்லை என்று அது பொய் சொல்கிறது. கணக்கில் யாரும் பிழை செய்யவில்லை, தேயிலைக் காட்டில் நடந்ததை விசாரித்தவர் மட்டும் சரியான எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியும். இதற்கு ஒரு முழு வகுப்பைச் செலவிடுங்கள்.

அதன் பிறகு ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-ல் உருவாக்கிய நான்கு சிறு தரவுத் தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரி, பரவல், ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) ஏறக்குறைய ஒன்றே. எண்களை மட்டும் காட்டி, நான்கு படங்களும் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே படத்தை நான்கு முறை வரைவார்கள். பிறகு உண்மைப் படங்களைக் காட்டுங்கள்: ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒற்றைப் புள்ளி விலகி நிற்கும், இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டையே தீர்மானிக்கும். "சுருக்கத்தை நம்பாதே, வரைந்து பார்" என்று நாம் வாயால் சொல்லவே வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிரலைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தடை போட்டு நிறுத்த முடியாது. முதல் சில வாரங்கள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் வந்த நிரலைப் படிக்கத் தெரியாதவருக்கு அது பயன்படாது. பிறகு வகுப்பிலேயே கொண்டுவாருங்கள். இலைக் கணக்குக்கு நிரல் வாங்கி, ஓட்டும் முன் என்ன வரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். வெற்றிடங்களை அது பூஜ்யமாக நிரப்பியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். நிரப்பியிருந்தால் கண்டுபிடிப்பவர்கள் நம் மாணவர்கள்தான்.

உங்களைத் திருத்திக்கொள்வது

ஒவ்வொரு வகுப்பையும் போன வாரத்திலிருந்து இரண்டு கேள்வி, மூன்று வாரத்துக்கு முந்தையதிலிருந்து ஒன்று என்று, நோட்டை மூடிவைத்துத் தொடங்குங்கள். மறக்கத் தொடங்கும்போது நினைவிலிருந்து இழுத்தெடுப்பதுதான் மனதில் நிற்கும். கலையும் முன் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி வாங்குங்கள்: இன்று எது தெளிவாயிற்று, எங்கே மாட்டிக்கொண்டீர்கள். பெயர் வேண்டாம்.

இன்னொருவரை அழைத்துப் பின்னால் உட்கார வைத்து, நீங்கள் கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள், யார் யாரிடம் மட்டும் கேட்கிறீர்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போனில் பத்து நிமிடம் பதிவு செய்து நீங்களே பாருங்கள். அந்தப் பத்து நிமிடப் பாடத்தை ஒரே ஒரு மாற்றத்தோடு மறுபடி எடுங்கள். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது உதவியது என்று தெரியாது.

முதல் அணி முடித்ததும் அதிலிருந்து இருவரை அடுத்த அணிக்கு உதவியாளராக வையுங்கள். வேகமாக முடித்தவரை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். நடுவில் திணறி, பிறகு பிடித்துக்கொண்ட அக்காவோ அண்ணனோ தான் எங்கே மாட்டிக்கொண்டோம் என்பதை இன்னும் மறந்திருக்கமாட்டார். தொடக்கத்தில் அவருக்கு ஒரு பெஞ்ச் மட்டும் கொடுத்து, ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: கீபோர்டைத் தொடக்கூடாது, கேள்வி கேட்கலாம்.